எட்டு மில்லி எழுத்து

"செத்துப்போனவன் நோட்டீஸ் அடிப்பானா யக்கா?"

மதன்குமார் இப்படிக் கேட்டபோது பாண்டியம்மாள் மாடிப்படி இறங்கித் தெருவோடு போய்விட்டிருந்தார். அந்தம்மா இருக்கும்போது கேட்டிருந்தால் ஜெபஷீலா கையிலிருந்த டீயை அவன் தலையில் ஊற்றியிருப்பாள்.

"செத்தான்னு யாரு பாத்தாக?"

"போடி பஜாரே சொல்லுது. கேரளாவுல ஏதோ பஸ்ஸு உருண்டதுல போயிட்டானாம்."

"போடி பஜாரு எனக்குச் சக்கரை வியாதின்னும் சொல்லுச்சு. நான் மூணு கரண்டி போட்டு டீ குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

தேனி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது ஜெபா விசாரணை நிலையம். மாப்பிள்ளை குடிப்பானா, துபாய் வேலை நிஜந்தானா, பெண் வீட்டில் பழைய கதை ஏதும் உண்டா என்று பார்த்துச் சொல்வதுதான் பெரும்பாலும் தொழில். ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் விசாரித்துச் சொன்ன ஜெபஷீலாவைப் பற்றி விசாரிக்க ஒருத்தரும் வரவில்லை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள், அவள் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். வீட்டில் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவதற்கு இங்கே பாத்திரக்கடைச் சத்தமாவது துணைக்கு இருக்கும். உதவியாளன் என்று மதன்குமாரை வைத்துக்கொண்டதற்குக் காரணம் அவன் மூளை இல்லை, வாய்தான். அது மூடாது.

பாண்டியம்மாள் போடியிலிருந்து பஸ் ஏறி வந்து சொன்ன கதை சின்னது. கணவர் தங்கபாண்டி ஏலக்காய் வியாபாரி. ஒரே மகன் வினோத்ராஜ். கடையில் உட்காரச் சொன்னால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். யாரோ நெட்டில் ஏற்றி வைத்திருந்த ஒரு பழைய ஜெபப் புத்தகத்தின் படங்களை வைத்துக்கொண்டு, ஈய எழுத்தில் அச்சடித்த காலத்து எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டிருந்தான். மை பரவியது, ஓரம் தேய்ந்தது எல்லாம் அப்படியே வர வேண்டும், ஆனால் கம்ப்யூட்டரில் தட்டினால் வர வேண்டும். அதற்கு ஃபாண்ட் என்று பெயர். தகப்பனுக்கு அது வேலையாகவே தோன்றவில்லை. ஒருநாள் கடை ஆட்கள் முன்னால், "அரைகுறப் பயலே, அந்த எழுத்த வெச்சு நாக்கு வழிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டார். மறுநாள் காலையில் மகன் இல்லை. போன் நம்பரும் இல்லை. நாலு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது, ஆடி பிறந்ததிலிருந்து, அந்த எழுத்தில் கோயில் நோட்டீஸ்கள் வருகின்றன. குச்சனூர் ஆடிச்சனி அன்னதானத்துக்கு ஒன்று. அனுமந்தன்பட்டிப் பக்கம் ஒரு காளியம்மன் கோயில் முளைப்பாரிக்கு ஒன்று. கடமலைக்குண்டிலிருந்து தங்கச்சி பிரசாதம் பொதிந்து கொண்டுவந்த தாளில் ஒன்று, அது ஆவணி முதல் வாரத்துக் கருப்பசாமி பொங்கல்.

"காப்பி குடுக்கப் போவேன் தாயி. எம்மா இங்கன பாருன்னு இந்தப் 'ப'னாவக் காமிப்பான். நூறு வாட்டி பாத்திருக்கேன். இது எம்புள்ள எழுத்து. அவன் இருக்கான். எங்கன இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு. இருக்கானா இல்லையான்னு தெரியாம சோத்துல கை வைக்க முடியல." சொல்லிவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "அவுகளுக்குத் தெரிய வேணாம். வீட்டுல அவன் பேரெடுக்கக் கூடாது. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே கொறஞ்சு போச்சு. அவுக ஒரு மூலையில, நான் ஒரு மூலையில."

ஜெபஷீலாவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் நெஞ்சில் தைத்தது. ஒரு ஆள் இருக்கிற வீட்டில் தனியாக இருப்பது இயற்கை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் இரண்டு பேரும் தனியாக இருப்பது என்ன கொடுமை என்று அவள் அதுவரை யோசித்ததில்லை.

"சரி, என்ன பாத்த? சொல்லு."

மதன்குமார் போனை நீட்டினான். "பழைய அச்சு மாதிரி இருக்குற தமிழ் ஃபாண்ட் நெட்டுல கெடைக்கிற அத்தனையும் எறக்கிப் பாத்துட்டேன். காசுக்கு விக்கிறது, சும்மா குடுக்குறது எல்லாம். சிலது நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அதுல எதுவும் இல்ல. ஒண்ணுல கொம்பு நீளம், ஒண்ணுல சுழி சின்னது. ஃபோட்டோவப் போட்டா ஃபாண்ட் பேரு சொல்ற வெப்சைட்டுலயும் போட்டேன். அது இத என்னமோ கல்யாண மருதாணி டிசைன்னு நெனச்சுக்கிருச்சு."

"ஒருவேள நெசமாவே பழைய பிரஸ்ல அடிச்சதா இருக்குமோ?"

"நீங்களே சொல்லுங்க."

அவள் பூதக்கண்ணாடியை நோட்டீஸ் மேல் ஓட்டினாள். 'ப'வின் இடது காலில், எலி கடித்த மாதிரி ஒரு சின்ன மூளி. அடுத்த 'ப'விலும் அதே இடத்தில் மூளி. பந்தல், பக்தர், பிரசாதம், பொங்கல், எல்லாவற்றிலும்.

"ஈய எழுத்துன்னா ஒண்ணு மூளியா இருக்கும், பக்கத்துல இருக்குறது முழுசா இருக்கும். இங்கன எல்லாத்துக்கும் ஒரே எடத்துல மூளி."

"ஒரே குடும்பத்துல அத்தன பேருக்கும் ஒரே பல்லு விழுந்த மாதிரி."

"ஆமா. கம்ப்யூட்டர் எழுத்துதான். விக்கிற எழுத்தும் இல்ல. அப்ப அவன் வீட்டுலயே பொறந்து வளந்த எழுத்து. அந்தம்மா சொல்றது சரி."

"இன்னொண்ணு பாத்தீகளா?" மதன்குமார் குச்சனூர் நோட்டீசின் அடியைத் தொட்டான். 'நோட்டீஸ் உபயம்: ஒரு பக்தர்.' அனுமந்தன்பட்டி நோட்டீசிலும் அதுவே. "நம்மூர்ல கோயிலுக்கு ட்யூப் லைட் வாங்கிக் குடுத்தவன் வெளிச்சமே வராத அளவுக்குப் பேர எழுதுவான். இவன் ஊரு பூரா ஒட்டுற நோட்டீசையே அடிச்சுக் குடுத்துட்டுப் பேரு வேணாங்குறான். ஒண்ணு இவன் ஞானி. இல்ல தலைமறைவு."

மூன்றாவதில் உபயமே இல்லை. 'இவண், ஊர்ப் பொதுமக்கள்' என்று முடிந்திருந்தது. ஜெபஷீலா அதைப் பார்த்தாள், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றிலும் எது ஒத்துப்போகிறது என்பதிலேயே அவள் கண் இருந்தது. முதல் இரண்டின் அடியிலும் சின்னமனூர் பிரஸ் ஒன்றின் பெயர், மூன்றாவதில் கடமலைக்குண்டு பிரஸ்.

"போனப் போட்டுக் கேட்ருவமா?"

"போன்ல கேட்டா ஆளு உஷாராயிருவான். மூஞ்சியப் பாத்துக் கேக்கணும். இன்னிக்குச் சின்னமனூர், நாளைக்குக் கடமலைக்குண்டு. வண்டிய எடு."

ஆவணி பிறந்தும் காற்று அடங்கவில்லை. வீரபாண்டி தாண்டியதும் ஸ்கூட்டரை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தது. தூறலும் இல்லை வெயிலும் இல்லை என்று ஒரு வானம். இரண்டு பக்கமும் வாழை இலைகள் நார் நாராகக் கிழிந்து ஆடின. பின்னால் உட்கார்ந்திருந்த ஜெபஷீலா, இத்தனை சுவர்களில் எந்தச் சுவரிலாவது அந்த எழுத்து தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு பெண்ணின் மகன் இந்தக் காற்றில் எங்கோ இருக்கிறான், அல்லது இல்லை. இரண்டில் ஒன்றை அவள் வாயால் போய்ச் சொல்ல வேண்டும்.

சின்னமனூர் பிரஸ் என்பது ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், பின்னால் தடதடக்கும் ஒரு மிஷின். முதலாளி ஈஸ்வரபாண்டி சட்டைப்பையில் நாலு பேனா குத்தியிருந்தார்.

"எங்கக்கா மகளுக்குச் சடங்கு வெச்சிருக்கோம்," என்றாள் ஜெபஷீலா. "பத்திரிக இந்த எழுத்துல வேணும்."

அவர் குச்சனூர் நோட்டீசை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "எல்லாரும் இதத்தான் கேக்குறாக. இது நம்ம எழுத்து இல்லம்மா. கஸ்டமர் குடுத்தது. அவுகளக் கேக்காம நான் போட மாட்டேன், தொழில்ல நேர்மை வேணும்ல."

"நேர்மைதான் செவுரெல்லாம் ஒட்டியிருக்கே," என்றான் மதன்குமார்.

ஜெபஷீலா அவனை முறைத்தாள். "யாருங்க அந்தக் கஸ்டமரு? நாங்களே கேட்டுக்கிறோம்."

"ஆளப் பாத்ததில்ல. எல்லாம் போன்லதான். பென் டிரைவு போடி பஸ்ல கண்டக்டர் கையில வந்துச்சு, பணமும் அப்பிடித்தான். கோயில் கமிட்டிக்காரக நோட்டீஸ எடுத்துக்கிட்டுப் போவாக. உபயம் பண்றவுக யாருன்னு கமிட்டிக்கே தெரியாது. எப்பப் பேசுனாலும் ஜலதோஷம் புடிச்ச மாதிரி ஒரு கொரலு. ஆனா ரொம்பக் கறாரு. தலைப்பு எட்டு மில்லிக்குக் கொறையக் கூடாதும்பாக. உள்ள ஆறு மில்லி. பொடிசா வர்ற எடத்துல அஞ்சு. பாயின்ட்ல சொல்லுங்கண்ணே, நாங்க எழுத்தப் பாயின்ட்லதான் அளப்போம்னேன். அந்தப் பக்கம் பேச்சே இல்ல. கடைசியில நானே ஸ்கேல் வெச்சு அளந்து அடிச்சுக் குடுத்தேன்."

"ஃபாண்ட் பேரு என்னன்னு பாக்கலாமா?"

அவர் கம்ப்யூட்டரில் பட்டியலை இறக்கினார். மற்ற ஃபாண்ட்களுக்கெல்லாம் தேவதைப் பெயர்களும் ஆற்றுப் பெயர்களும் இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒன்று, 'அரைகுறை'.

ஜெபஷீலா அந்தப் பெயரை இன்னொரு முறை படித்தாள். திட்டியதையே பெயராக வைத்திருக்கிறான். கோபத்தில் வைத்தானா, சிரித்துக்கொண்டே வைத்தானா? கோபக்காரனாக இருந்தால் நல்லது என்று நினைத்தாள். கோபக்காரர்கள் எப்படியாவது உயிரோடு இருப்பார்கள்.

"பேருக்கேத்த மாதிரி அரைகுறைதாம்மா," என்றார் ஈஸ்வரபாண்டி. "இதுல ஸ்ரீ கெடையாது. ஏதோ வேதக்கார பொஸ்தகத்தப் பாத்துச் செஞ்சது போல, அதுல எங்க ஸ்ரீ வரப்போகுது? கோயில் நோட்டீசுக்கு ஸ்ரீ போடாம முடியுமா? எங்கிட்ட இருந்த வேற ஒண்ண எடுத்து ஒட்டுனேன். பாருங்க, ஒட்டுப்போட்ட சட்ட மாதிரி தனியாத் தெரியும்."

தெரிந்தது. மை பரவிய பழைய எழுத்துகளுக்கு நடுவில் அந்த ஸ்ரீ மட்டும் நேற்றுச் சலவைக்குப் போய் வந்தது போல் மொடமொடவென்று நின்றது.

நம்பர் கிடைத்தது. போடி லேண்ட்லைன். மதன்குமார் தன் போனில் போட்டுப் பார்த்தான், 'போடி ஏலக்காய் கோடவுன்' என்று மட்டும் காட்டியது.

"யக்கா, பய போடியிலயே இருக்கான். அம்மா வீட்டுக்கும் அவனுக்கும் நடுவுல நாலு தெரு இருக்கும். நாலு வருசமா ஏதோ ஒரு கோடவுன்ல மூட்ட தூக்கிக்கிட்டு இருக்கான். எப்பேர்ப்பட்ட வைராக்கியம்."

"வாய மூடிட்டு ஓட்டு," என்றாள். ஆனால் அவளுக்கும் மனசு துள்ளியது. குச்சனூர் வழியாகக் குறுக்கே போகும் ரோட்டில், பாண்டியம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தாள். சந்தோஷச் செய்தி சொல்லி அவளுக்குப் பழக்கம் கம்மி. இந்தத் தொழிலில் நல்ல மாப்பிள்ளையைப் பற்றிக்கூட நாலு குறை சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விசாரித்ததாகவே நம்ப மாட்டார்கள்.

போடியில் கோடவுன் தெருவுக்குள் நுழையும்போதே ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறியது. வரிசையாகத் தகரக் கதவுகள். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மதன்குமாரிடம் ஒரு யோசனை இருந்தது. நம்பரைப் போட்டுவிட்டுத் தெருவில் நடப்பது, எந்தக் கோடவுனில் மணி அடிக்கிறதோ அதுதான்.

"படிச்சவன் மாதிரியே பேசுற," என்றாள் ஜெபஷீலா. "நல்ல யோசனதான். போடு."

அவன் போடுவதற்குள், பக்கத்துக் கதவுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அதட்டல் கேட்டது. "ஏலே, எட்டு மில்லிய இங்கன தள்ளு. ஏழு மில்லிய அங்கன கொட்டு. ரெண்டையும் கலந்துட்டா மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது?"

ஜெபஷீலா நின்றுவிட்டாள். உள்ளே சல்லடை மிஷின் ஆடிக்கொண்டிருந்தது. பச்சை ஏலக்காய்கள் பருமனுக்குத் தக்கபடி தனித்தனிப் பெட்டிகளில் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு பெட்டியின் மேலும் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்தது: ஆறு, ஏழு, எட்டு.

"போடாத," என்றாள்.

"ஏன் யக்கா?"

"ஃபாண்ட் செய்யிறவன் எழுத்த எதுல அளப்பான்?"

"பாயின்ட்ல. அதான் அவரே சொன்னாகளே."

"மில்லியில அளக்குறது யாரு?"

மதன்குமார் சல்லடையைப் பார்த்தான். அவன் வாய் அன்றைக்கு முதல்முறையாகத் தானாக மூடியது. "ஏலக்கா யாவாரி."

"வாழ்நாள் பூரா உருண்டையான பொருள மில்லியில அளந்து பழகுன ஆளு, எழுத்தையும் அப்பிடித்தான் கேப்பாரு. பெருசு நல்ல சரக்கு. தலைப்புக்கு எட்டு மில்லி."

"போடியில ஏலக்கா யாவாரி எத்தன பேரு இருக்காக."

"இருக்கட்டும். அந்த எழுத்து எத்தன யாவாரி வீட்டுல இருக்கு?"

அவள் நடந்தாள். கால் முன்போல் துள்ளவில்லை. தெருக் கடைசியில் தங்கபாண்டி ஏலக்காய் ஸ்டோர் என்ற போர்டு, பாதி திறந்த கதவு. உள்ளே ஆட்கள் யாரும் இல்லை. மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேஜை, அதன் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், பக்கத்தில் துணி போர்த்திய பழைய கம்ப்யூட்டர்.

"இப்பப் போடு," என்றாள்.

மேஜை மேல் போன் அடித்தது. பெரியவர் எடுத்தார். "அலோ," என்றார், ஜலதோஷம் பிடித்த மாதிரி ஒரு குரலில்.

ஜெபஷீலா மதன்குமாரின் போனை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டு கதவுக்குள் வந்தாள். "கோயில் நோட்டீசுக்கு ஃபாண்ட் குடுத்தது நீங்கதானுங்களா?"

தங்கபாண்டி ரிசீவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரிசீவரை மெதுவாக வைத்தார். மறுக்கவில்லை. மறுப்பதற்கு வேண்டிய தெம்பு அவரிடம் இல்லை.

"உக்காருங்க," என்றார். "அனுப்புனது யாரு? பிரஸ்காரனா?"

"இல்லீங்க. மொதல்ல நீங்க சொல்லுங்க. எதுக்கு இது?"

அவர் கம்ப்யூட்டர் மேல் கிடந்த துணியைச் சரிசெய்தார். சரியாகத்தான் கிடந்தது. "அவன் விட்டுட்டுப் போனது. இது மட்டுந்தான் இருக்கு. தேடாத எடமில்ல. கொச்சி வரைக்கும் போயிருக்கேன், அவளுக்குத் தெரியாது, சரக்கு விசயமாப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போவேன். பேப்பர்ல 'மகனே வா'ன்னு போடலாம். போட்டா ஊரு சிரிக்குமேன்னு மொத வருசம் போடல. அப்பறம் போட்டா அவன் நம்ப மாட்டான்னு போடல. இந்த எழுத்து வேற எவங்கிட்டயும் இல்ல. செவுத்துல இதப் பாத்தான்னா வீட்டுல இருந்து வந்துருக்குன்னு அவனுக்கு மட்டுந் தெரியும். உசுரோட இருந்தா, இந்தப் பக்கம் எங்கனயாவது ஒரு செவுத்துல பாப்பான்ல?"



அந்த நோட்டீஸ்கள்தான் பாண்டியம்மாளுக்கு மகன் உயிரோடு இருப்பதற்கு ஒரே சாட்சி. அந்தச் சாட்சியை அடித்து ஒட்டியது இவர். மகன் எங்கே என்று கண்டுபிடிக்கப் போனவள், மகன் இருக்கிறான் என்ற நம்பிக்கையையும் பிடுங்கிக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். அப்படி ஒரு செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, யாரும் இல்லாத தன் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறப்பதை நினைத்துப் பார்த்தாள். இந்தத் தொழிலை இன்றோடு விட்டுவிடலாமா என்றிருந்தது.

"என்னய அனுப்புனது உங்க சம்சாரம்," என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "பாண்டியம்மாவா?"

"நோட்டீஸ் எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்காக. மகன்தான் அடிக்கிறான்னு நெனச்சுக்கிட்டு."

தங்கபாண்டி கண்ணாடியைக் கழற்றினார். "அவளுக்கு இந்த எழுத்து தெரியுமா?"

"உங்களவிட நல்லாத் தெரியும்."

"நான் அவளுக்கு மறச்சேன், அவ எனக்கு மறச்சிருக்கா." கண்ணாடியை மேஜை மேல் வைத்தார். "ரெண்டு நோட்டீச வெச்சுக்கிட்டு என்ன பாடு பட்டாளோ."

"ரெண்டு இல்லீங்க, மூணு."

"ரெண்டுதான் தாயி. குச்சனூரு, அனுமந்தன்பட்டி. மூணாவதுக்கு இன்னும் கோயிலே பாக்கல."

ஜெபஷீலா மதன்குமாரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே பைக்குள் கைவிட்டிருந்தான். மஞ்சள் கறை படிந்த கடமலைக்குண்டு நோட்டீஸ் மேஜை மேல் வந்து விழுந்தது.

தங்கபாண்டி அதைத் தொடக்கூட இல்லை. "இது நான் அடிச்சதில்ல. கடமலைக்குண்டுல எனக்கு எந்தப் பிரஸ்காரனையுந் தெரியாது."

"ஆச வெச்சுக்காதீங்க யக்கா," என்றான் மதன்குமார் தாழ்ந்த குரலில். "அந்த ஈஸ்வரபாண்டி ஃபாண்ட அங்கன யாருக்காவது தூக்கிக் குடுத்திருப்பாரு. அவரு நேர்மையத்தான் பாத்தமே."

நியாயமான பேச்சு. ஜெபஷீலா நோட்டீசை எடுத்துக்கொண்டு கதவருகே வெளிச்சத்துக்கு வந்தாள். இதுவரை ஒத்துப்போவதையே பார்த்தோம், ஒவ்வாததைப் பார்க்கவே இல்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். உபயம் இல்லை. பிரஸ் வேறு. இன்னும் என்ன? தலைப்பில் 'ஸ்ரீ கருப்பசாமி' என்றிருந்தது.

பூதக்கண்ணாடியை வைத்தாள். அந்த ஸ்ரீ சலவைக்குப் போனது இல்லை. அதிலும் மை பரவியிருந்தது. அதன் ஓரமும் தேய்ந்திருந்தது. பக்கத்து எழுத்துகளோடு ஒரே வீட்டுப் பிள்ளை மாதிரி நின்றது.

"மதனு. பிரஸ்காரரு ஃபாண்டத் தூக்கிக் குடுத்திருந்தா, இந்த ஸ்ரீ எங்கருந்து வந்துச்சு?"

அவன் குனிந்து பார்த்தான்.

"அந்தப் பொஸ்தகத்துல ஸ்ரீ இல்ல. இந்தக் கம்ப்யூட்டர்லயும் இல்ல. பாத்து வரையறதுக்கு மாதிரி கெடையாது. மத்த எழுத்த வரைஞ்ச கைதான் யோசிச்சு இதையும் வரையணும்." அவள் தங்கபாண்டியிடம் திரும்பினாள். "இது இந்த ஆவணிப் பொங்கலுக்கு அடிச்சது. போன வாரம் நடந்த பொங்கல். உங்க மகன் இருக்காரு."

ஆளைப் பார்க்காமல் போனில் விசாரிக்கக் கூடாது என்பது அவள் விதி. விதி கிடக்கட்டும். நோட்டீசின் அடியிலிருந்த நம்பரை மதன்குமாரின் போனில் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"பிரஸ்ஸுங்க," என்றது ஒரு பெண் குரல்.

"கருப்பசாமி கோயில் நோட்டீஸ் எழுத்து ரொம்ப நல்லாருந்துச்சும்மா. யாரு போட்டாக?"

"எங்க வினோத்து அண்ணந்தான். இந்தா உள்ளதான் இருக்காக. குடுக்கட்டுமா?"

ஜெபஷீலா போனை மேஜை மேல் வைத்துத் தங்கபாண்டி பக்கம் நகர்த்தினாள். அவர் அதை எடுக்கப் பயந்தார். கடைசியில் எடுத்து, தட்டு பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றது ஒரு இளம் குரல். "எந்த மாதிரி நோட்டீஸ் வேணும்?"

கொச்சி வரைக்கும் தேடியவருக்கு, கிடைத்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பாரோ, அழுவாரோ என்று ஜெபஷீலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஸ்ரீ," என்றார் தங்கபாண்டி. "அது எப்பிடிப்பா போட்ட?"

மறுமுனையில் மிஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது. மதன்குமார் வெளியே தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"அது அந்தப் பொஸ்தகத்துல இல்லப்பா," என்றது குரல். "குச்சனூர்ல ஒரு செவுத்துல பாத்தேன். என் எழுத்துக்கு நடுவுல எவனோட ஸ்ரீயோ ஒட்டியிருந்துச்சு. பாக்கச் சகிக்கல. வீட்டுக்குப் போன் போடலாமா வேணாமான்னு தெரியல. அதான் மொதல்ல அத வரைவோம்னு உக்காந்தேன். கீழ்ச் சுழிய 'ரீ'யில இருந்து எடுத்தேன். மேல மட்டும் சரியா வரல, நாலு தடவ மாத்தினேன்..."

தங்கபாண்டிக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. "ம்," என்றார். "ம், சொல்லு."

அவர் எழுந்தார். செருப்பைத் தேடாமல் கதவைத் தாண்டினார். "வெச்சிராதப்பா. அம்மா வீட்டுலதான் இருக்கா. நான் போயிக்கிட்டேதான் இருக்கேன், நீ சொல்லிக்கிட்டே வா."

"யக்கா, எம் போனு போகுது," என்றான் மதன்குமார்.

"போகட்டும்."

ஜெபஷீலா கோடவுன் வாசலில் நின்று பார்த்தாள். தெருவில் இரண்டு பேர் அவருக்கு வணக்கம் சொன்னார்கள், அவர் பார்க்கவில்லை. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே பொறாமையாகவும் இருந்தது. அந்தப் போனை யாராவது தனக்குக் கொண்டுவந்து கொடுத்தால் மறுமுனையில் யார் இருப்பார்கள் என்று யோசித்தாள். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

"மேல சரியா வரலன்னியே," என்று கேட்டுக்கொண்டே தங்கபாண்டி தன் வீட்டுத் தெருவுக்குள் திரும்பினார். "அப்பறம் என்ன செஞ்ச?"